காவல் குழு உட்கார்ந்த கட்டை

எங்கள் சாமுண்டீஸ்வரி நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த வருஷம் பத்து வயசு முடிகிறது. மலர் போடுகிறார்கள். யார் எதைப் பற்றி எழுதுவது என்று கூட்டத்தில் பிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டி, பிள்ளையார் கோயில், தெருவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. "நம்ம வார்டு மெம்பர் கிளியம்மாள் வாழ்க்கைக் குறிப்பை யார் எழுதறது?" என்று செயலாளர் கேட்டதும் எம்.ஏ. படித்தவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். ரிடயர்டு ஹெட்மாஸ்டர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

நான் கையைத் தூக்கினேன். நான் படித்தது மூணாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் எருமை மேய்த்தேன். ஆனால் கிளியம்மாளைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற யோக்கியதை இந்த நகரில் வேறு யாருக்கும் கிடையாது. காரணம், அவள் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய திருட்டில் எனக்குப் பங்கு உண்டு.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. இல்லாவிட்டால் கதை நிற்காது. எனக்குச் சொந்த ஊர் கீழ்க்கட்டளை. அப்பா விட்டுப்போனது ஏரித் தண்ணியில் ரெண்டு ஏக்கர் நெல், ஒரு மாட்டு வண்டி. அந்த வண்டியில் பம்மல் தோல் ஷெட்டுகளுக்குச் சுண்ணாம்பு ஏற்றினேன். அப்புறம் செங்கல். அப்புறம் டிராக்டர். எண்பத்தி மூணில், கால்வாய் தாண்டிக் கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பு விலைக்கு வந்தது. "மணலை வாங்கி இன்னா பண்ணப் போற தசரதா, புட்டு அவிக்கப் போறியா?" என்று சொந்தக்காரன் எல்லாம் சிரித்தான். வாங்கினேன். மரத்தை வெட்டினேன், ரோடு போட்டேன், அறுபத்தி நாலு மனை பிரித்தேன், வீட்டுக்காரி பேரை வைத்தேன். சிரித்தவர்களில் ரெண்டு பேர் என்னிடமே மனை கேட்டு வந்தார்கள். கடைசி வரிசையில் கொடுத்தேன்.

மனை விற்க நோட்டீஸ் அடித்தபோது "கடல் காற்று, சுவையான குடிநீர், திருட்டு பயமே இல்லாத நகர்" என்று போட்டேன். குடிநீர் விஷயம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். திருட்டு பயம் இல்லை என்றது சத்தியம். அப்போது அங்கே வீடே இல்லை.

வீடு வந்தது. பயமும் வந்தது.

முதலில் குடிவந்தவர் பட்டாபிராமன் சார். கடலைப் பார்த்த மூலை மனை. மத்திய அரசு ஆபீஸில் முப்பத்தி நாலு வருஷம் புள்ளிவிவரம் எடுத்து ரிடயர் ஆனவர். எத்தனை கோழி, எத்தனை கிணறு, எத்தனை கைம்பெண் என்று ஜில்லா ஜில்லாவாக எண்ணியவர். எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் வீட்டில் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. எண்பத்தி ஏழு பொங்கலுக்கு முன்னால் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்துக்குள் ஒரு காவல் குழு. அவர் தலைவர், நான் துணைத் தலைவர், இன்னும் ஒன்பது பேர். வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தோம். முதல் வாரம் பால்காரனுக்கு நாலு பக்கமும் விசில் அடித்ததில் அவன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். அன்றைக்கு யாருக்கும் காபி இல்லை.

பட்டாபிராமன் சார் கிராப் தாள் வாங்கி வந்து சுவரில் ஒட்டினார். கீழே வாரம், பக்கத்தில் குற்றங்களின் எண்ணிக்கை. "தசரதன், நம்ம ஏரியாவோட கிரைம் லெவல் என்னன்னு டேட்டா இருந்தாத்தான் போலீஸ் அவுட்போஸ்ட் கேக்க முடியும்" என்றார். எனக்கு இதில் சங்கடம். இன்னும் இருபத்தி ரெண்டு மனை விற்க வேண்டும். அவருக்குக் கோடு மேலே ஏற வேண்டும், எனக்கு அது படுத்தே கிடக்க வேண்டும். ரெண்டு பேரும் ஒரே குழுவில் இருந்தோம்.

குற்றங்களை அவர் பதிந்த விதத்தை நான் பார்த்தேன். சங்கத்துத் தென்னையில் இளநீர் ரெண்டு காணவில்லை, ஒரு குற்றம். லுங்கி கட்டிய ஆள் ஒருவன் அரை மணி நேரம் கடலைப் பார்த்து நின்றான், காரணம் தெரியவில்லை, ஒரு குற்றம். கூடையுடன் ஒரு பெண் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினாள், மூன்று குற்றம்.

அந்தக் கூடைப் பெண்தான் கிளியம்மாள்.

நகருக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் சின்னாண்டி குப்பம். அவள் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் வாக்கப்பட்டாள், நாலு வீடு தள்ளி. புருஷன் ரத்தினம் கட்டுமரத்துக்காரன். நாள் முழுக்க அவன் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். அவன் பங்கையும் சேர்த்து இவள் பேசினாள். குரல் எப்படி என்றால், குப்பத்தில் "வவ்வாலே, சங்கராவே" என்று அவள் கூவினால் எங்கள் நகரில் மீன் வாங்குகிற வீடுகள் பாத்திரத்தை எடுக்கும், வாங்காத வீடுகள் ஜன்னலைச் சாத்தும். எழுதப் படிக்கத் தெரியாது. அதில் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை. படிக்காமல் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று படித்தவனுக்குத் தெரியாது.

இனி கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுமரம் என்பது படகு இல்லை. நாலு கட்டை, அவ்வளவுதான். கடலுக்குப் போகும்போது கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக மணலில் போட்டுவிடுவார்கள். கட்டை தண்ணீர் குடித்திருக்கும், வெயிலில் காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். காவலுக்கு ஆள் போடுவதில்லை. மணலில் காய்கிற மரத்தை யாரும் தொடமாட்டார்கள். தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட ஒருத்தர் கட்டையை ஒருத்தர் தொட்டதில்லை. அந்தக் குப்பத்தில் கதவுக்குப் பூட்டே கிடையாது.

இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. நான் ஏரிக்காரன். நெல்லைப் பார்த்தால் எந்த மடைத் தண்ணீரில் விளைந்தது என்று சொல்வேன். கடல் எனக்கு மனையின் கிழக்கு எல்லை, அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த வாரம், ரத்தினமும் கிளியம்மாளும் கோவளத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனார்கள். நாலு நாள். அந்தச் சமயத்தில் பட்டாபிராமன் சார் கடற்கரையில் நடந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தசரதன், பீச்ல ஒரு அருமையான கட்டை ஒதுங்கியிருக்கு. பதினெட்டு அடி இருக்கும். எங்கிருந்தோ அலை கொண்டுவந்து போட்டிருக்கு. வெளிநாட்டு மரமாக்கூட இருக்கலாம்."

"ஒண்ணுதானா சார்?"

"அங்கங்கே நாலஞ்சு கிடக்கு. இதுதான் நல்லா உலர்ந்திருக்கு. நம்ம குழு உட்கார ஒரு பெஞ்ச் வேணுமே. உங்க டிராக்டர் கிடைக்குமா?"

அலை எப்படி நாலஞ்சு கட்டையை ஒரே நீளத்தில், ஒரே மாதிரி செதுக்கிக் கொண்டுவந்து போடும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குப்பத்து ஆட்கள் நாலு பேர் தோளில் வைத்துத் தூக்குகிற கட்டைக்கு நாங்கள் டிராக்டர் கொண்டுபோனோம். குப்பத்து ஆம்பளைகள் கடலுக்குப் போயிருந்தார்கள், கேட்க ஆள் இல்லை. இழுத்து வந்து, அவர் தோட்டத்தில் ரெண்டு செங்கல் திண்டு கட்டி, மேலே ஏற்றினோம். தச்சன் ரெண்டு கை வார்னிஷ் அடித்தான். வார்னிஷ் வேட்டியில் ஒட்டாமல் இருக்கட்டும் என்று பட்டாபிராமன் சாரின் சம்சாரம் திரிபுரசுந்தரி அம்மாள் ஒரு ஜமக்காளம் விரித்தார்கள். பதினோரு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எதிரே சுவரில் கிராப் தாள். இவ்வளவு கம்பீரமாக ஒரு குழுவை நான் பல்லாவரம் வட்டாரத்திலேயே பார்த்ததில்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பிய ரத்தினம் மணலில் மூன்று கட்டைதான் கண்டான். போனது நடுமரம். ஓரக் கட்டை என்றால் பக்கத்துக்காரனிடம் இரவல் வாங்கி ஒப்பேற்றலாம். நடுமரம் அப்படி இல்லை, மற்ற மூன்றும் அதை ஒட்டித்தான் செதுக்கியிருக்கும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விறகு. புதுக்கட்டை கேரளாவிலிருந்து வர வேண்டும், அதற்கு வழியில்லை. தை, மாசிதான் கரையோரம் மீன் நிறைகிற காலம். குப்பமே கடலில் இருந்தது, ரத்தினம் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தான். விற்க மீன் இல்லாமல் கிளியம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எங்கள் நகருக்கு அப்போது ஒரு எஸ்.ஐ. இருந்தார், பேர் வேண்டாம். அவர் ஸ்டேஷனில் திருட்டே நடக்காது. யாராவது வந்து திருட்டு போயிற்று என்றால், "தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்பார். வந்தவரும் கடைசியில் ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இப்படியே மூன்று வருஷம் சுத்தமாக வைத்திருந்தார்.

கிளியம்மாளிடமும் கேட்டார். "இன்னாம்மா, கட்டையைத் தொலைச்சுட்டியா?"

"பதினெட்டு அடி மரம் ஐயா. இன்னா, முந்தானையில முடிஞ்சு வெச்சு வழியில வுட்டுட்டேனா?"

"அலை இழுத்துக்கினு போயிருக்கும்."

"அலை ஒரு மரத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எடுக்குமா? மூணு கீதே, அதை இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போச்சு? திருட்டுன்னு எழுது."

"பில் வெச்சிருக்கியா?"

"எங்கப்பன் கண்ணாலத்துல குடுத்த மரம். கடல்ல போறதுக்கு யாரு பில்லு கேக்கறா, சுறாவா?"

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் எழுதவில்லை. அப்போதுதான் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், நகர்க்காரர்கள் திருட்டை எல்லாம் எழுதி வைக்கிறார்கள், தாளில் கோடு போட்டுச் சர்க்காருக்கு அனுப்புகிறார்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாங்கள் பதினோரு பேரும் கட்டை மேல் உட்கார்ந்து, இளநீர் விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கூடை இல்லை. கூடை இல்லாமல் நான் அவளைப் பார்த்தது அன்றுதான்.

"சார், நீங்க திருட்டெல்லாம் எழுதறீங்களாமே. என் மரத்தையும் எழுதிக்கோங்க சார். நீங்க எழுதினா ஸ்டேஷன்ல கேப்பாங்க."

பட்டாபிராமன் சார் பேனாவைத் திறந்தார். அந்தப் பெரிய மனுஷன் நல்லவர்தான். "எங்கே வெச்சிருந்தே?" என்று கேட்டார்.

"குப்பத்து மணல்ல."

பேனாவை மூடினார். "அது நம்ம எல்லைக்குள்ளே வராதும்மா. இந்த டேட்டா நகருக்கு மட்டும்."

"நான் மீன் விக்க வந்தத எழுதினீங்களாமே?"

"அது நகருக்குள்ளே நடந்தது."

"அப்போ குப்பத்துக்காரி இங்க வந்தா குத்தம், குப்பத்துக்காரி மரம் போனா கெடையாதா? நல்லா கீது சார் உங்க கோடு."

குழுவில் யாரோ இருமினார்கள். பட்டாபிராமன் சாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விதி விதிதான். "சரி, தகவலுக்காகச் சொல்லு. எப்படி இருக்கும் அது?"

அவள் சொன்னாள். பதினெட்டு அடி. மூக்குப் பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிறு அழுந்தி அழுந்தி ரெண்டு பள்ளம், பக்கத்திலேயே கட்டைவிரல் போகிற மாதிரி ஒரு துளை. அவள் புருஷன் போட்ட துளை, கோணலாக இருக்கும்.

நான் வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்தேன். மூக்குப் பக்கம். என் கை தானாக ஜமக்காளத்துக்கு அடியில் போனது. ஒரு பள்ளம். இன்னொரு பள்ளம். அப்புறம் என் கட்டைவிரல் உள்ளே போனது. கோணலாகப் போனது.

நான் பயந்தேன் என்று எழுதமாட்டேன். யோசித்தேன் என்று எழுதுகிறேன். இருபத்தி ரெண்டு மனை பாக்கி. திருட்டு பயமே இல்லாத நகர் என்று அடித்த நோட்டீஸ் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டியிருக்கிறது. அந்த நகரில் நடந்த முதல் நிஜத் திருட்டைச் செய்தது காவல் குழு, இழுத்தது என் டிராக்டர் என்று தெரிந்தால் மனையைத் திரும்பச் சவுக்குத் தோப்பாக்க வேண்டியதுதான். ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளும் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்று மட்டும் யோசிக்கவில்லை.

இதற்கு நடுவில் பட்டாபிராமன் சாருக்குப் புது எண்ணம். கட்டை ரொம்ப நீளம், ரெண்டாக அறுத்தால் ஒன்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகலாம் என்று. வெள்ளிக்கிழமை வரச்சொல்லித் தச்சனிடம் சொல்லிவிட்டார். அறுத்தால் கட்டுமரம் செத்தது. எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. செங்கல் சூளையில் நெருப்புக்குள் நின்றவன் நான், ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

கிளியம்மாள்தான் முடித்தாள். செவ்வாய்க்கிழமை வலை பின்னுகிற கிழவர் ஒருத்தர் அவளிடம், கல்யாணத்தன்றைக்கு மணலில் டிராக்டர் தடம் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். சுற்றுவட்டத்தில் டிராக்டர் வைத்திருந்தது நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை வேறு. அடுத்த நாள் காலையில் அவள் ரெண்டு பஸ் மாறிக் கீழ்க்கட்டளைக்கு, என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். நான் உள்ளே ஷேவிங் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி சாமுண்டீஸ்வரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க டிராக்டரு பொங்கல் முடிஞ்சு கடலாண்ட வந்துச்சா?"

"வந்துச்சே. அந்த ஆபீசர் வூட்டுக்குப் பெஞ்சு போடக் கட்டை இஸ்துகினு போனாரு எங்க வூட்டுக்காரரு. ஏன், உங்களுதா அது?"

இவ்வளவுதான். நான் ஒன்பது நாள் கட்டிக் காத்த ரகசியத்தை அவள் கோலப்பொடியை உதறிக்கொண்டே சொல்லி முடித்தாள். நான் பாதி முகம் சோப்போடு வெளியே வந்தேன்.

கிளியம்மாள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அண்ணா, அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல உன் கை ஜமக்காளத்துக்குள்ள பூந்துச்சு. மூட்டைப்பூச்சி கடிக்குது போலன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "நாளைக்குக் காலைல வரோம். நீயும் வந்துடு" என்றாள். என் வீட்டுக்காரி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அவள் போனபின் சாமுண்டீஸ்வரி என்னிடம் பேசிய பேச்சை மலரில் போட முடியாது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பட்டாபிராமன் சார் வீட்டுக்குப் போய், விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். அதற்குள் தெருவில் விசில். ஒரு விசில் இல்லை, இருபது விசில். எட்டிப் பார்த்தேன். குப்பத்து ஆம்பளைகள் பன்னிரண்டு பேர், நாலு பேருக்கு ஒன்றாக மூன்று கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். முன்னால் கிளியம்மாள், கையில் கயிற்றுச் சுருள்.

"ராயட்!" என்றார் பட்டாபிராமன் சார். ஓடிப்போய்க் கிராப் தாளில் பேனாவை வைத்தார். பன்னிரண்டு குற்றம் ஒரே வாரத்தில் ஏறினால் கோடு தாளைத் தாண்டிச் சுவருக்குப் போகும். அவர் முகத்தில் இருந்தது பயமா சந்தோஷமா என்று என்னால் சொல்ல முடியாது. யாரோ ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். எஸ்.ஐ. புல்லட்டில் வந்து இறங்கினார்.

அதற்குள் குப்பத்துக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து, மூன்று கட்டையையும் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ரத்தினம் ஜமக்காளத்தை மடித்து, தூசி தட்டி, திரிபுரசுந்தரி அம்மாள் கையில் கொடுத்தான். வார்னிஷ் பளபளவென்று இருந்தது. திண்டிலிருந்து இறக்கி நடுவில் வைத்தார்கள். நாலும் வாய்ப்பல் மாதிரி ஒன்றோடொன்று உட்கார்ந்தன. கயிறு பழைய பள்ளத்தில் போய்த் தானே விழுந்தது. குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவே ஒரு முழுக் கட்டுமரம், மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதற்குமேல் பில் எதற்கு?

"அலை ஒதுக்கினதுன்னு நினைச்சேன்" என்றார் பட்டாபிராமன் சார், மெதுவாக. அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. "நான் ஒரு குண்டூசி எடுத்ததில்லை சர்வீஸ்ல."

நான் முன்னால் வந்தேன். இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன், அதை இங்கே பதிவு செய்கிறேன். "இழுத்தது என் டிராக்டர். அவர் தெரியாம செஞ்சாரு. நான் ஒன்பது நாள் தெரிஞ்சே மறைச்சேன்."

எஸ்.ஐ.க்கு அன்றைக்கு என்ன ஆயிற்றோ, திடீரென்று கடமை வந்துவிட்டது. மூன்று வருஷமாக வராதது. நோட்டை எடுத்தார். "கையும் களவுமா கிடைச்சிருக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டுடறேன். இந்தக் கட்டை கேஸ் ப்ராபர்ட்டி. ஸ்டேஷனுக்கு வரணும், அப்புறம் கோர்ட்டுக்குப் போகணும்."

"என் மரம் எப்ப வரும்?" என்றாள் கிளியம்மாள்.

"கேஸ் முடிஞ்சதும் மனு போட்டு வாங்கிக்கலாம்."

"எப்ப முடியும்?"

எஸ்.ஐ. நேர்மையான ஆள்தான். "எண்பத்திரண்டுல பிடிச்ச சைக்கிள்ங்க இப்பத்தான் ஒண்ணொண்ணா வெளியே வருது. டயர் இருக்காது."

கிளியம்மாள் அவரையே பார்த்தாள். "எழுது எழுதுன்னு மூணு வாட்டி உன் கால்ல வுழுந்தேன், எழுதல. இப்போ மரம் கெடைச்சாச்சு, எழுதறேன்ற. எழுதாத ஐயா. உன் பேனாவை மூடு, நல்லா இருப்ப."

"திருட்டை எழுதாம எப்படிம்மா வுட முடியும்?" என்று கேட்டார் எஸ்.ஐ. இந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததை நாங்கள் இருபது பேர் காதால் கேட்டோம்.

"திருட்டு இல்லை. தொலைச்சுட்டேன். போதுமா? முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன், வழியில வுட்டுட்டேன். கெடைச்சுடுச்சு."

எஸ்.ஐ. நோட்டை மூடி, புல்லட்டை உதைத்து, போய்விட்டார். ஸ்டேஷன் சுத்தமாகவே இருந்தது.

பட்டாபிராமன் சார் மூச்சு விட்டார். நானும் விட்டேன். கிளியம்மாள் எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க ரெண்டு பேரு கணக்கு இன்னும் முடியல. சாயங்காலம் குப்பத்துக்கு வாங்க. எங்க பஞ்சாயத்துல பேசிக்கலாம்."

போனோம். மணலில் உட்கார வைத்தார்கள். குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவர் தனக்கோடி, பல் இல்லாத மனுஷர், என்னைவிட வயசானவர். பட்டாபிராமன் சார் முதல் முறையாக, கிராப் தாள் இல்லாமல் ஒரு குற்றத்தைப் பற்றிப் பேசினார். தெரியாமல் செய்ததைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். நஷ்டத்தைப் பணமாகக் கொடுக்கிறேன் என்று நான் சட்டைப்பையில் கை வைத்தேன்.

"துட்ட உள்ள வை தசரதா" என்றார் தனக்கோடி. "மரத்துக்குத் துட்டு வாங்கினா, நாளைக்குத் துட்டு இருக்கறவன் எவன் மரத்தையும் எடுப்பான். காயற மரத்தைத் தொட்டவன் அந்த மரத்தைக் கடல்ல தள்ளணும். தெரியாம தொட்டதுக்கு ஏழு நாள். ரெண்டு பேருக்கும்."

தலையாட்டினோம். லேசாக முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒன்பது நாள் தெரிஞ்சு மறைச்சியாமே?" என்று என்னைக் கேட்டார். "உனக்கு மேல ஒன்பது."

"வார்னிஷு?" என்றாள் கிளியம்மாள். "மேல நின்னா வழுக்குது. எங்க வூட்டாளு கடல்ல வுழுந்தா?"

அதைச் சுரண்டுவதும் எங்கள் தலையில் விழுந்தது. மறுநாள் முழுக்க, முப்பத்தி நாலு வருஷம் கோழி எண்ணிய கையும் அறுபத்தி நாலு மனை அளந்த கையும் உடைந்த சிப்பி ஓட்டை வைத்து வார்னிஷ் சுரண்டின. நான் சுரண்டிய பக்கம்தான் வழவழப்பு இல்லாமல் சரியாக இருந்தது. பட்டாபிராமன் சார் பக்கத்தை ரத்தினம் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. அதே வெள்ளிக்கிழமை தச்சன் ரம்பத்தோடு வந்து, பெஞ்சைக் காணோம் என்று தோட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினானாம்.

சனிக்கிழமை விடிகாலை முதல் நாள். பட்டாபிராமன் சார் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். குழுவின் மற்ற ஒன்பது பேரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். குப்பமும் நின்று பார்த்தது. யாருக்கும் எங்கள் மேல் அக்கறை இல்லை, கட்டை மேல்தான். பதினைந்து நாளுக்கு மேல் வார்னிஷ் மூடிக் கிடந்த மரம். தண்ணீரில் இறக்கினால் பழையபடி மிதக்குமா, ஒரு பக்கம் சாயுமா என்று ஒருத்தருக்கும் தெரியாது. ரத்தினம் மட்டும் வலையை மேலே வைத்தான், துடுப்பை எடுத்தான்.

தள்ளினோம். முதல் அலை எங்களைத் திருப்பி அனுப்பியது. ரெண்டாவது அலையில் பட்டாபிராமன் சார் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதில் நான் தோள் கொடுத்தேன். அம்பத்தாறு வயசில் அந்தத் தோள் கொடுத்தேன், குப்பத்து இளவட்டங்கள் யாரும் கொடுக்க முடியாத தோள். கட்டுமரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நாலு கட்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, நேராக, மூக்கை நிமிர்த்தி அலையைத் தாண்டியது. கரையில் ஒரு சத்தம் எழுந்தது. ரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நெஞ்சளவு தண்ணீரில் நின்று கொஞ்சம் பெருமையாகக் கரையைப் பார்த்தேன். கிளியம்மாள் கடலைப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த கூடையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் ரெண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாருக்கு இன்னும் ஆறு நாள் கீது. உனக்குப் பதினஞ்சு" என்றாள். "நாளைக்கு லேட்டா வராத அண்ணா. மீனு உனக்காக நின்னுகினு இருக்காது."